கொறங்காடும் காட்டுயிரும்: நிலம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் சொந்த நிலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் கொஞ்சம் இடம் விடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சந்தையிலும் விசேஷ வீடுகளிலும் போனிலும் கேட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

"கொறங்காட்டுல அப்படி என்னங்க இருக்குது? புல்லும் முள்ளுந்தானே?"

புல்லும் முள்ளும்தான். அதுதான் சொத்தே. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த மானாவாரி பட்டா நிலம் இது. வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற சீமையில் காங்கேயம் மாடு உருவானது இந்த ஏற்பாட்டால்தான்.

மாட்டுக்காக வைத்த இந்தக் காட்டில் (மானாவாரி நிலத்தையும் நம் பக்கம் காடு என்றுதான் சொல்வது) கவுதாரி, காடை, முயல், கீரி, உடும்பு எல்லாம் குடியிருக்கின்றன. முள்ளெலி என்று ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்த இனம் கிடையாது. பகலில் வேலியடியில் சுருண்டு கிடக்கும், இருட்டினால் வண்டும் பூச்சியும் தேடிக் கிளம்பும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வரும். புல்லுக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளியைப் பிடிக்கும்.

முள்ளெலிக்கும் பூனைப்பருந்துக்கும் ஆனைமலைக் காட்டில் இடம் கிடையாது. அடர்ந்த காட்டில் இவை வாழாது. நம் புல்வெளியை உழுதுவிட்டால் போக்கிடமும் இல்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் குளத்துப் பறவைக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூடப் புல்வெளிப் பறவைக்குக் கிடைக்கவில்லை. புல்வெளி பெரும்பாலும் தனியார் கையில் இருப்பதால், அதைக் காப்பதும் அழிப்பதும் நிலத்துக்காரர் முடிவுதான்.

"எனக்கு இருக்கறதே நாலு ஏக்கருங்க. அதுல என்ன பண்ணீர முடியும்?"

கொறங்காட்டின் பழைய அளவே ஏறக்குறைய அதுதான். பெரிய காட்டை வேலியால் நாலு நாலு ஏக்கராகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றதை ஆறப்போடுவார்கள். கவுதாரிக்கும் முள்ளெலிக்கும் நூறு ஏக்கர் தேவையில்லை. பதுங்க வேலி, முட்டையிட மிதிபடாத புல், குடிக்கத் தண்ணீர், விஷமில்லாத பூச்சி இருந்தால் போதும்.

நாலு ஏக்கரிலும் எதையாவது செய்தாக வேண்டும் என்பதில்லை. நிறைய இடத்தில் செய்யாமல் விடுவதுதான் உதவி. கோடையில் வரப்போரப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். வேலியடியை மண் தெரியச் செதுக்காதீர்கள். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் நாலு முட்டை இடும். கூழாங்கல் நிறத்திலேயே இருப்பதால் பக்கத்தில் நின்றால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. உழவு ஓட்டும்போது குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, இரண்டு முழம் ஒதுங்கி ஓட்டினால் குஞ்சு பிழைத்துக்கொள்ளும்.

"இதுக்கு கவர்மெண்டு பணம் குடுக்குதுங்களா?"

'காட்டுயிர் வாழிடம்' என்று பெயர் போட்டு, கொறங்காட்டைக் கொறங்காடாகவே வைத்திருப்பதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கிற திட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, அரிப்பு மிகுந்த நிலத்தை உழாமல் புல்லும் மரமுமாக 10, 15 வருசம் விட்டுவைக்கும் விவசாயிக்கு அரசே ஆண்டு வாடகை தருகிறது. இங்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேய்ச்சல் நிலத்தைக் காப்பவருக்குக் கிடைப்பது இப்போதைக்கு ஊராரின் நல்ல பேச்சு மட்டும்தான்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரித்துப் பிரித்து வெவ்வேறு துறையில் இருக்கிறது. மரக்கன்றுக்கு 2021-22-இல் தொடங்கிய வேளாண் பசுமைப் போர்வை இயக்கம் இருக்கிறது. உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிந்தால் கன்றுகளை இலவசமாகத் தருகிறார்கள். பண்ணைக்குட்டை, மண் வரப்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை. நீர்வடிப்பகுதித் திட்டம் நடக்கிற ஊராட்சியென்றால் தடுப்பணை, கசிவுக்குட்டை. தீவன விதைக்கு வேளாண் அறிவியல் நிலையமும் கால்நடைத் துறையும். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று இவற்றை ஒரு கோப்பாக வைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் உதவும். மனுவில் 'காட்டுயிர்' என்று எழுதத் தேவையில்லை. குட்டைக்கு மனு குட்டைக்காகவே இருக்கட்டும். அதை எப்படி வெட்டுவது என்பதில் நம் நோக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"கன்னு சும்மாதான தர்றாங்க, காடு பூராவும் நட்டு உட்டர்லாமுங்களா?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவது இதுதான். புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டால் நிழல் விழுந்து கொழுக்கட்டைப்புல் சாகும். புல் போனால் முயலும் கவுதாரியும் போகும், பூனைப்பருந்து அந்தப் பக்கம் இறங்காது, மாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை. பார்ப்பதற்குப் பச்சையாக இருக்கும், ஆனால் முன்பு இருந்த உயிர்களில் பாதி இருக்காது. மரம் நட்டாலே நல்லது என்ற நினைப்பு மழை நிறைந்த மலைச்சரிவுக்குப் பொருந்தலாம், கொறங்காட்டுக்குப் பொருந்தாது.

கன்று வாங்குங்கள். வேலியோரம், கிணற்றோரம், தோட்டத்து வரப்பு, ஓடைக்கரை என்று நடுங்கள். வேம்பு, புங்கன் கேளுங்கள். காட்டுக்குள் வெள்வேலம் மட்டும் போதும். அதற்கு நர்சரியே தேவையில்லை. கோடையில் விழுகிற காயை ஆடுமாடு தின்னும், சாணத்தோடும் புழுக்கையோடும் விதை விழும், மழைக்கு முளைக்கும். முளைத்ததில் ஒரு சிலதைச் சுற்றி முள் வைத்துக் காப்பாற்றினால் சரி.

பட்டுப்போன பனையை வெட்டாதீர்கள். தலை போன மொட்டைப் பனையின் உச்சிப் பொந்தில்தான் பனங்காடை முட்டையிடும், கிளியும் மைனாவும் இடம் பிடிக்கப் போட்டி போடும். உயிருள்ள பனையை வெட்ட எப்படியும் ஆட்சியர் அனுமதி வேண்டும்.

"கிளுவை வேலி அங்கங்க காஞ்சு போச்சுங்க. எடுத்துப்போட்டு கம்பி வேலி போட்டா என்ன?"

கம்பி வேலிக்குள் ஆடு நிற்கும், அவ்வளவுதான். கிளுவை வேலி ஒரு வீதி மாதிரி. முள்ளெலி அதன் அடியில் போகும், கீரி குட்டி போடும், தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையில் ஒரு முனையில் ஏறினால் மறுமுனை வரை இலை இலையாகத் தேடிக்கொண்டே போகும். வேலியில் படர்கிற பிரண்டையையும் கோவையையும் பிடுங்க வேண்டாம். தரையோரம் ஆடுதீண்டாப்பாளை கிடந்தால் விட்டுவிடுங்கள், சிவப்பு உடம்புள்ள கருப்புப் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்ப் பக்கம் தேவாங்குக்கென்றே 2022-இல் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல். தேவாங்கு மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளைதான் நகரும். அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள் வேலியை அறுத்தால் அது தரையில் இறங்கி, ரோட்டைக் கடந்து, வண்டியில் அடிபட்டுச் சாகும்.

காய்ந்த இடத்தில் ஐப்பசி மழைக்கு முன் கிளுவைப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி ஊன்றுங்கள். கட்டை விரலைவிடப் பெருத்த போத்தாக, முழங்கை ஆழம் புதைத்து, சுற்றி மண்ணை மிதித்து விடுங்கள். பக்கத்துக் காட்டு வேலியைக் கவாத்து செய்யும்போது கேட்டால் போத்து சும்மாவே கிடைக்கும். கம்பி போட்டே தீர வேண்டும் என்றால் கிளுவைக்கு உட்புறமாகப் போடுங்கள், கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

"புல்லே இல்லாம தரிசாப் போச்சு. மறுக்கா வருமுங்களா?"

வரும். முதலில் ஒரு மழைக்காலம் முழுக்க மேய்ச்சலை நிறுத்திப் பாருங்கள். பல காடுகளில் மண்ணுக்குள் தூர் உயிரோடுதான் இருக்கிறது. அப்போதும் திட்டுத் திட்டாகத்தான் வந்தால் விதைக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 என்ற கொழுக்கட்டைப்புல் ரகம் இருக்கிறது. நல்ல கொறங்காட்டிலிருந்து கையால் உருவி எடுத்த நாட்டு விதை கிடைத்தால் அதுவே போதும். அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் இருப்பு வைக்க வேண்டும். விதை பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும் என்பதால் ஈர மண்ணோடு பிசைந்து தூவுங்கள். கூடவே நரிப்பயறு தூவினால் மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது. ஆழ உழ வேண்டாம், மேலாகக் கீறிவிட்டால் போதும்.

புல் விதை பிடித்து உதிர்கிற வரைக்கும் மாட்டை விடாதீர்கள். அவசரப்பட்டு விட்டுவிட்டால் அடுத்த வருசமும் இதே கேள்விதான் வரும்.

"சீமைக்கருவேலத்துல குருவி கூடு கட்டுதுங்களே, அதையும் உட்டுட்டா?"

கட்டும், இல்லையென்று சொல்லவில்லை. மயிலும் பன்றியும் பதுங்குவதும் அதில்தான். ஆனால் அதை விட்டுவைத்தால் சில வருசத்தில் புல்லை முழுக்க அடைத்துவிடும். எடுக்கத்தான் வேண்டும். ஒரே நாளில் ஜேசிபியை விட்டு மொத்தத்தையும் வழிக்காமல், காட்டை மூன்று நான்கு பாகமாக்கி வருசத்துக்கு ஒன்றாக எடுங்கள். வெட்டினால் தழைக்கும், வேரோடு தோண்ட வேண்டும். எடுத்த இடத்தில் அந்த மழைக்கே மேலே சொன்னபடி புல் விதையுங்கள், வெறுமையாக விட்டால் பார்த்தீனியக் களை வந்து உட்காரும். கூடு கட்டுகிற மாதங்களைத் தவிர்த்து, தை மாசியில் வேலையை வைத்துக்கொண்டால் நல்லது.

"குட்டை வெட்டித் தண்ணி நிறுத்துனாப் போதுமுங்களா?"

தண்ணீர் நின்றால் போதாது, குடிக்க இறங்கிய உயிர் திரும்பி ஏறவும் வேண்டும். நாலு பக்கமும் ஏற முடியாதபடி செங்குத்தாக வெட்டிவிடுவது உண்டு. அளவெடுக்க வரும்போதே ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக விடச் சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைதான் ஆபத்து. முயல், கீரி, மயில் குஞ்சு எது விழுந்தாலும் வழுக்கி வழுக்கி ஏற முடியாமல் செத்து மிதக்கும். கரையில் முளையடித்து, தடித்த தேங்காய்நார்க் கயிற்றையோ பழைய வலையையோ இரண்டு மூன்று இடத்தில் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத பழைய கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள், மனுசனுக்கும் நல்லது.

குட்டைக்கு வசதியில்லாதவர்கள், வேலியோரம் தரை மட்டத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்துக் கோடையில் நிரப்பினால் போதும். உள்ளே ஒரு கல் போட்டு வைத்தால் குருவியும் தேனீயும் அதில் நின்று குடிக்கும். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவி ஊற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளரும். தானியம் போட்டுப் பழக்குவது மட்டும் வேண்டாம். மயிலும் எலியும்தான் சேரும்.

"புதரு இருந்தாப் பாம்பு வருமே தம்பி, கொழந்தைக இருக்கற ஊடு."

நியாயமான பயம். பாம்பு இருக்கத்தான் செய்யும், இப்போதும் இருக்கிறது. அது எலியைத் தேடி வருகிறது. தானிய மூட்டை, தென்னை மட்டைக் குவியல், விறகு அடுக்கு வீட்டை ஒட்டி இருந்தால்தான் வாசல் வரை வரும். வீட்டைச் சுற்றி நாற்பது ஐம்பது அடிக்குச் சுத்தமாக வைத்துக்கொண்டு புதரைக் காட்டு வேலியோடு நிறுத்துங்கள். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். கூகையும் கீரியும் உள்ள காட்டில் எலி கட்டுக்குள் இருக்கும், எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

"மயிலும் பன்னியும் வெள்ளாமைய அழிச்சா நீங்க வந்து குடுப்பீங்களா?"

கோபத்தோடு கேட்பார்கள். கோபம் சரிதான். நிலக்கடலையும் மக்காச்சோளமும் போட்டவர் படுகிற பாட்டைப் பார்க்காமல் காட்டுயிர் பேசுவது நியாயமில்லை. ஆனால் கொறங்காட்டை அழித்தால் மயில் குறையும் என்பது நடப்பதில்லை. மயிலுக்குப் பயிரும் உயரமான மரமும் கருவேலப் புதரும் போதும். குஞ்சையும் முட்டையையும் தின்கிற நரி, காட்டுப்பூனை, கீரிக்குத்தான் கொறங்காடு வேண்டும். அவை இல்லாமல் போனதும் மயில் பெருகியதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மயில் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தால் ஜெயில். அந்த விஷம் மயிலோடு நிற்காது, உங்கள் நாய், கோழி வரைக்கும் போகும். பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு ஒரு நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டுமே, நாம் அல்ல. சேதம் நடந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். நாள் கடந்தால் பார்வையிட வருகிறவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வேலியில் நேராகக் கரண்ட் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அதில் மனுசர்களும் செத்திருக்கிறார்கள்.

"நரி ஆட்டுக்குட்டியத் தூக்கீட்டுப் போகுமே?"

தனியாகக் கிடக்கிற பிறந்த குட்டியை எடுக்கலாம். ஆனால் நம் பக்கம் பட்டியோடு ஆடு செத்துக் கிடப்பது நரியால் அல்ல, தெருநாயால். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு இழப்பீடு கேட்டுப் போராடியது எல்லோருக்கும் தெரியும். நரியின் முக்கிய இரை எலி, பூச்சி, விழுந்த பழம், செத்த மாடு. பட்டியை இரவில் நன்றாக அடைத்து, செத்த கோழியைக் காட்டில் எறியாமல் ஆழப் புதைத்தால் நாய்த் தொல்லையே பாதி குறையும்.

"இதெல்லாம் பண்ணி காட்டுயிர் வந்துருச்சுன்னா, ஃபாரஸ்ட்டுக்காரங்க நிலத்த எடுத்துக்குவாங்களா?"

இது ரொம்ப பேருக்குள் இருக்கிற பயம், வெளியே சொல்ல மாட்டார்கள். முயல் இருக்கிறது, மயில் இருக்கிறது என்பதற்காகப் பட்டா நிலம் வனத்துறைக்குப் போகாது. வேட்டைத் தடை உங்கள் நிலத்துக்கும் ஊர் நிலத்துக்கும் இப்போதே ஒன்றுதான். வேலி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதில் மாற்றமில்லை. சமவெளிப் பட்டா நிலத்தில் நீங்கள் நட்ட வேம்பை வெட்டுவதும் உங்கள் உரிமைதான். சந்தனம் நட்டால் வனத்துறை வழியாகப் போக வேண்டும்.

சட்டத்தில் 'சமுதாயக் காப்பகம்' என்று ஒரு பிரிவு உண்டு, 36சி. நில உரிமையாளரோ ஊராரோ தாமாக முன்வந்தால் மட்டுமே அரசு அறிவிக்க முடியும். கர்நாடகாவில் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகிற கொக்கரேபெல்லூர் 2007-இல் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், உரிமையாளர், வனத்துறை, ஊராட்சி சேர்ந்த குழு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம். நாலு ஏக்கர்காரருக்கு இது தேவையுமில்லை, மேலே சொன்ன வேலைகளே போதும்.

"சோலார் கம்பெனிக்காரன் குத்தகை கேக்கறான். மாட்டை வெச்சு இந்தக் காசு வருமுங்களா?"

வராது. பொய் சொல்லி ஒருவரை நிறுத்த நான் விரும்பவில்லை. கடன் இருக்கிறவர், மேய்க்க ஆளில்லாதவர், பிள்ளைகள் எல்லாம் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டவர் குத்தகைக்கு விட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வாடகை தருகிற திட்டம் வேண்டும் என்று மேலே எழுதியதும் இவர்களை நினைத்துத்தான்.

முடிவெடுக்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, முழுக் காட்டையும் கொடுத்தாக வேண்டியதில்லை. ஓடையும் பள்ளமும் உள்ள பாகத்தை, வேலி நன்றாக உள்ள பாகத்தை நிறுத்திக்கொண்டு மீதியைப் பேசலாம். நிறுத்திக்கொண்ட பாகத்தை ஆடு வைத்திருப்பவரிடம் மேய்ச்சல் குத்தகைக்கு விட்டால் ஆண்டு வருமானமும் உண்டு. இரண்டு, ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேளுங்கள்: சுற்றுக் கிளுவை வேலியை எடுக்கக் கூடாது, ஓடையை மூடக் கூடாது, பலகைகளுக்கு அடியில் களைக்கொல்லி அடிக்காமல் புல்லை வெட்டியோ ஆட்டை விட்டோ பராமரிக்க வேண்டும், காலம் முடிந்ததும் கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். இடைத்தரகர் 'அதெல்லாம் வழக்கமில்லீங்க' என்பார். பத்திரம் எழுதுவதற்கு முன்பு உங்கள் பேச்சுக்கு இருக்கிற பலம் அப்புறம் இருக்காது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நிபந்தனையோடு போனால் கம்பெனி இறங்கி வரும் வாய்ப்பு அதிகம்.